அறிக்கையின் கடைசி வரி

மூளை ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் அதை அங்கேயே தாழ்வாரத்தில் நின்று படித்துப் பார்க்கின்றன. ஆங்கிலத்தில் நெருக்கமாக அச்சிட்ட பத்திகளுக்கு நடுவே அச்சமூட்டும் சொல் ஏதேனும் தென்படுகிறதா என்று கண்கள் தேடுகின்றன. பிறகு அந்தத் தாள் கைப்பேசியில் படமாகி, வெளியூரில் இருக்கும் மகனுக்கும், மருந்துக்கடை வைத்திருக்கும் மைத்துனருக்கும், செவிலியராகப் பணியாற்றும் அக்காள் மகளுக்கும் போய்ச் சேர்கிறது. மருத்துவரின் அறைக்குள் அவர்கள் நுழைவதற்குள் பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

அவ்வறிக்கைகள் பலவற்றின் அடியில் ஒரு வரி இருக்கும். படத்தில் கண்டவற்றை நோயாளியின் அறிகுறிகளோடும் உடல் பரிசோதனையோடும் ஒப்பிட்டு முடிவு செய்க என்பது அதன் பொருள். அதைப் படிப்பவர்களில் பலர், அறிக்கை எழுதியவர் பொறுப்பிலிருந்து நழுவுவதற்காக எழுதிவைத்த வரி என்று எண்ணுகிறார்கள். இவ்வளவு பணம் கட்டி எடுத்த படத்தைப் பார்த்தும் உறுதியாக ஒன்றைச் சொல்லக் கூடாதா என்று எங்களிடம் கேட்டவர்களும் உண்டு. நரம்பியல் பிரிவிலும் ஸ்கேன் பிரிவிலும் பணியாற்றும் எங்களுக்கோ அந்த அறிக்கை முழுவதிலும் மிக முக்கியமான வரி அதுவாகவே தோன்றுகிறது. மூளையின் படம் தானாக எதையும் சொல்வதில்லை. நோயாளியின் உடலும் அவரோடு வாழ்பவர்களின் வாயும் சொல்வதைக் கேட்ட பிறகே படம் பேசத் தொடங்குகிறது. இதை விளக்குவதற்கே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மனித உடலின் உறுப்புகளில் பார்ப்பதற்கு மிகக் கடினமாக இருந்தது மூளைதான். 1895ஆம் ஆண்டில் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த சில மாதங்களுக்குள்ளேயே முறிந்த எலும்பும் உடலில் புதைந்த குண்டும் படத்தில் தெரியத் தொடங்கின. மூளை மட்டும் மண்டையோட்டின் நிழலுக்குள் மறைந்தே இருந்தது. 1918, 1919ஆம் ஆண்டுகளில் வால்டர் டாண்டி என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர், மூளையைச் சூழ்ந்துள்ள நீரை வெளியேற்றி அவ்விடத்தில் காற்றைச் செலுத்திப் படமெடுக்கும் முறைகளை உருவாக்கினார். காற்று இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பின் வடிவம் மாறியிருந்தால் அருகே கட்டி இருக்கலாம் என்று ஊகிப்பார்கள். அதற்கு உட்பட்ட நோயாளிகள் தாங்கொணாத தலைவலியோடும் வாந்தியோடும் நாள்கணக்கில் படுத்திருக்க நேர்ந்தது. 1927இல் போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி மூளையின் இரத்தக்குழாய்களைப் படமெடுத்தார். அந்த முறை வளர்ந்து இன்றும் பயன்பட்டு வருகிறது. ஆயினும் மூளையின் தசையை நேராகப் பார்க்க உலகம் மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், இலண்டனின் விம்பிள்டன் பகுதியில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், மூளைக்கட்டி இருக்கலாம் என்று ஐயுற்ற ஒரு பெண்மணியின் தலை சி.டி. கருவியில் படமெடுக்கப்பட்டது. கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு மருத்துவர் அல்லர், இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். நம் வீடுகளில் நாய்ப்படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுகளாக ஒலித்தவையும் அதே நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்தவைதாம். அன்று எடுத்த படம் குறுக்கே 80, நெடுக்கே 80 என்ற கணக்கில் சிறு கட்டங்களால் ஆனது. இன்றைய கண்ணுக்கு அது மங்கலான கோலம் போலத் தெரியும். ஆனால் கட்டி இருந்த இடம் அதில் தெரிந்தது. தலையைத் திறக்காமலும், காற்றைச் செலுத்தாமலும், நோயாளியைத் துன்புறுத்தாமலும் அது தெரிந்தது. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், அதன் கணிதத்தை முன்பே தனியாக வகுத்திருந்த ஆலன் கார்மாக்குக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

சி.டி. ஸ்கேன் செய்யும் வேலை அடிப்படையில் எளியது. எக்ஸ் கதிர்களைத் தலையின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் செலுத்தி, ஒவ்வொரு சிறு இடமும் எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்பதைக் கணக்கிட்டு எண்ணாக்குகிறது. தண்ணீருக்குச் சுழியம், காற்றுக்கு அதற்குக் கீழே ஆயிரம், எலும்புக்கு மேலே பல நூறு. எண் கூடக்கூட வெண்மையாகவும், குறையக்குறையக் கறுப்பாகவும் படம் அமைகிறது. புதிதாகக் கசிந்த இரத்தம் மூளைத்தசையைவிட வெண்மையாகத் தெரிவதால், மூளைக்குள் இரத்தக்கசிவு இருக்கிறதா என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிட முடிகிறது.

பக்கவாதத்தில் இந்தச் சில நிமிடங்களின் மதிப்பு மிகப் பெரிது. பக்கவாதம் இரு வழிகளில் வருகிறது: இரத்தக்குழாய் அடைபடலாம், அல்லது வெடித்துக் கசியலாம். வெளியில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அதே கோணிய வாய், அதே துவண்ட கை. ஆனால் அடைப்புக்குத் தரும் கட்டி கரைக்கும் ஊசியைக் கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே கேடு. ஆகவேதான் அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் முதலில் சி.டி. எடுக்கிறோம். பெரிய இரத்தக்குழாய் அடைபட்ட நிலையில் சராசரியாக ஒரு நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006இல் வெளியான ஒரு மதிப்பீடு. அந்த நேரத்தில் உறவினர் சிலர், எதற்குச் சின்ன ஸ்கேன், பெரிய ஸ்கேனே எடுத்துவிடுங்கள், பணத்தைப் பற்றிக் கவலையில்லை என்று வற்புறுத்துவது உண்டு. அன்பினால் சொல்வதுதான். ஆயினும் அந்த வேளையில் நோயாளிக்கு வேண்டியது விரைவு. சி.டி. அதைத் தருகிறது.

பலருக்குப் புரியாத ஒன்று இங்கே உண்டு. அடைப்பினால் வந்த பக்கவாதத்தில் முதல் சில மணி நேரங்களில் சி.டி. படம் பெரும்பாலும் இயல்பாகவே தோன்றும். பாதிக்கப்பட்ட பகுதி நிறம் மாறித் தெரிவதற்கு நேரம் ஆகும். ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உடனே இவ்வளவு வீரியமான ஊசியும் போடச் சொல்கிறார்களே என்று குடும்பத்தினர் திகைக்கிறார்கள். ஊசி போடலாம் என்ற துணிவையே அந்த இயல்பான படம்தான் தருகிறது. இரத்தக்கசிவு இல்லை என்று படம் சொல்கிறது. பக்கவாதம் இருக்கிறது என்று நோயாளியின் தூக்க முடியாத கை சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே முடிவு செய்கிறோம்.

அந்த முடிவுக்கு இன்னொரு செய்தியும் வேண்டும். அது உங்களிடம்தான் இருக்கிறது. கட்டி கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தேர்ந்தெடுத்த சிலருக்கு, இரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்தி அடைப்பை அகற்றும் சிகிச்சையை 24 மணி நேரம் வரையிலும் செய்ய இயலும். எப்போது தொடங்கியது என்பதை எம்.ஆர்.ஐ. படங்கள் சிலவேளை ஊகிக்க உதவும். ஆனால் அது எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் கிடைப்பதன்று. இரவு பத்து மணிக்குப் பால் குடித்துவிட்டு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், காலை ஐந்தரைக்கு எழுப்பியபோது வாய் குழறியது என்று மருமகள் சொல்லும் ஒரு வாக்கியம் பல இலட்சம் மதிப்புள்ள கருவிக்கு இணையானது. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று நாங்கள் மூன்று முறை கேட்டால் பொறுமை இழக்க வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. முற்றிலும் வேறு வகைக் கருவி. அதில் எக்ஸ் கதிர் கிடையாது. நம் உடலின் பெரும்பகுதி நீர். நீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிமையான காந்தப்புலத்தில் ஒழுங்குபடுகின்றன. வானொலி அலையால் அவற்றைச் சற்றே அசைத்துவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது வெளியிடும் சமிக்கையைக் கொண்டு படம் வரைகிறார்கள். 1973இல் பால் லாட்டர்பர் இதற்கு வழி கண்டார். பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அதை விரைவாக்கினார். இருவரும் 2003இல் நோபெல் பரிசு பெற்றனர். அறிவியல் உலகில் இதன் பழைய பெயரில் அணுக்கரு என்னும் சொல்லும் இருந்தது. அதைக் கேட்டு மக்கள் அஞ்சுவார்கள் என்று மருத்துவத்தில் அச்சொல்லை விட்டுவிட்டார்கள். அச்சம் மட்டும் முழுவதும் போகவில்லை. கதிர்வீச்சு எவ்வளவு என்று எம்.ஆர்.ஐ. அறை வாசலில் இன்றும் கேட்கிறார்கள். கதிர்வீச்சு இல்லவே இல்லை. அஞ்ச வேண்டியது காந்தத்துக்குத்தான்.

பொதுவாகப் பயன்படும் 1.5 டெஸ்லா கருவியின் காந்தப்புலம் பூமியினுடையதைப் போல் ஏறத்தாழ 30 ஆயிரம் மடங்கு. கருவி ஓசையின்றி இருக்கும்போதும், படமெடுக்காதபோதும், நள்ளிரவிலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டரோ சக்கர நாற்காலியோ உள்ளே போனால் பறந்துவந்து மோதும். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, மூளையில் முன்பு கிளிப் வைத்தார்களா, கண்ணில் இரும்புத்துகள் பட்டதுண்டா என்று கேட்டு ஒரு படிவத்தை நிரப்பச் சொல்வது அதனால்தான். வெல்டிங் பட்டறையிலோ லேத்திலோ வேலை பார்த்தவர்கள் கடைசிக் கேள்விக்கு நன்றாக யோசித்துப் பதில் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் இதில் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. புடவையிலும் தாலிக்கயிற்றிலும் கோத்த ஊக்குகள், கொண்டை ஊசி, அரைஞாண், தாயத்து, மெட்டி ஆகியவை அணிந்திருப்பவருக்கே நினைவில் இருப்பதில்லை. தாலியைக் கழற்றச் சொல்லும்போது சில தாய்மார்கள் கண்கலங்குவதைக் காண்கிறோம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்று அவர்கள் வாதிடுவது உண்மைதான். ஆனால் கழுத்தைச் சுற்றிய உலோகச் சங்கிலி சூடேறக்கூடும், படத்தையும் கெடுக்கும். மஞ்சள் கிழங்கு கட்டிய நூல் கயிற்றை அந்த நேரத்துக்கு அணிந்துகொள்வது பல குடும்பங்களின் வழக்கம். அதற்கு எந்தத் தடையும் இல்லை. இதை அவசரப்படுத்தாமல் முன்கூட்டியே சொல்லிவிடுவது ஊழியர்களின் கடமை என்பது எங்கள் கருத்து. உள்ளே இருபது முப்பது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். தகரக் கொட்டகையில் சுத்தியல் அடிப்பது போன்ற ஓசை கேட்கும், காதடைப்பான் தருவார்கள். கையில் தரும் அழைப்பு மணியை அழுத்தினால் உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். மூடிய இடத்தைக் கண்டு அஞ்சுபவர்கள் அதை வெட்கப்படாமல் சொல்லிவிடுவது நல்லது.

படம் தெளிவாக இருந்தும் அதன் பொருள் பிழையாகப் போன ஒரு வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. அதைத் திருத்தியதில் நம் மாநிலத்துக்கும் பெரும்பங்கு இருக்கிறது. 1980களில் இந்தியாவில் சி.டி. கருவிகள் பரவியபோது, முதன்முதலாக வலிப்பு வந்த இளைஞர்கள் பலரின் மூளையில் ஒரே ஒரு சிறிய வெண்ணிற வளையம் தெரிந்தது. காசநோய் மிகுந்த நாடு ஆகையால், அது மூளையில் தோன்றிய காசநோய்க் கட்டி என்று பெரும்பாலான மருத்துவர்கள் கருதினார்கள். அந்நோயாளிகளுக்குக் காசநோய் மருந்துகள் மாதக்கணக்கில் தரப்பட்டன. சில மாதங்கள் கழித்து மீண்டும் படமெடுத்தால் வளையம் மறைந்திருக்கும். மருந்து வேலை செய்தது என்று எல்லோரும் நம்பினார்கள். நோயாளியும் நம்பினார்.

வலிப்பு மருந்து மட்டும் உட்கொண்டவர்களிலும் வளையம் மறைவது தெரிந்தபோது ஐயம் எழுந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர், சிலருக்கு அந்தக் கட்டியை அறுவை மூலம் எடுத்துத் திசுவைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் காசநோய் இல்லை. நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி, இறந்து, அதைச் சுற்றி உடல் எழுப்பிய எதிர்ப்பின் அடையாளமே அந்த வளையம். பெரும்பாலும் தானே கரைந்து மறைந்துவிடுவது அதன் இயல்பு. அவ்வாறாயின், தேவையற்ற காசநோய் மருந்துகளால் கல்லீரலுக்கு நேரக்கூடிய தீங்கையும், காசநோயாளி என்ற பெயரையும் சுமந்தவர்கள் எத்தனையோ பேர்.

இரண்டையும் எவ்வாறு வேறுபடுத்துவது? 1993இல் வேலூர்க் குழுவினர் வெளியிட்ட வரைமுறை எங்கள் கருத்துக்கு மிகப் பொருந்தும் சான்று. படத்தில் ஒரே கட்டியாக இருக்க வேண்டும். 20 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். மூளையை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கக் கூடாது. இவை படம் சொல்பவை. நோய் வலிப்பில் தொடங்கியிருக்க வேண்டும். நாளுக்கு நாள் வளரும் பலவீனம் இருக்கக் கூடாது. மண்டைக்குள் அழுத்தம் தொடர்ந்து கூடியிருப்பதன் அறிகுறி இருக்கக் கூடாது. உடலில் வேறெங்கும் நோய் இருக்கக் கூடாது. இவை நோயாளியைக் கேட்டும் தொட்டும் அறிபவை. படம் முன்பும் அதேதான், பின்பும் அதேதான். படத்துக்கு வெளியே இருந்த செய்திகளைச் சேர்த்த பிறகே அதன் பொருள் விளங்கியது.

(இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. பன்றி இறைச்சி உண்பவர்க்கே இந்நோய் வரும் என்பது தவறு. நாடாப்புழுவின் முட்டைகள் மனித மலத்தின் வழியே மண்ணிலும் நீரிலும் கலந்து, கழுவாத கைகளாலும் பச்சைக் காய்கறிகளாலும் வயிற்றுக்குள் போகின்றன. சைவ உணவினருக்கும் இந்நோய் வருகிறது.)

படம் இயல்பாக இருந்தால் நோயே இல்லை என்று கொள்வது இன்னொரு பிழை. குடும்பங்களுக்குள் அது செய்யும் கேடு பெரிது. ஒற்றைத் தலைவலியில் மூளைப் படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். வலிப்பு நோயுள்ள பலருக்கும் எம்.ஆர்.ஐ.யில் குறை எதுவும் தெரிவதில்லை. பார்க்கின்சன் நோயை மருத்துவர் நடையையும் கை நடுக்கத்தையும் விறைப்பையும் பார்த்துத்தான் அறிகிறார். வழக்கமான ஸ்கேன் அதைக் காட்டாது. மனச்சோர்வைப் படமெடுத்துக் கண்டறியும் கருவி எந்த மருத்துவமனையிலும் இல்லை. இப்படியிருக்க, ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம், எல்லாம் நடிப்பு என்று ஒரு மருமகளிடமோ, தேர்வுக்கு முன் தலைவலி வரும் ஒரு மாணவனிடமோ சொல்லப்படுவதைக் கேட்கும்போது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த அறிக்கை மூளையின் வடிவத்தைப் பற்றியது. அவருடைய வலியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அதை ஒருவருக்கு எதிரான சாட்சியாகப் பயன்படுத்துவதைக் கடுமையாக எதிர்க்கிறோம். இயல்பான அறிக்கை வந்தபின் சிகிச்சை தொடங்க வேண்டியவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எந்தத் தொல்லையும் இல்லாதவர்களைப் படமெடுத்தால் என்ன தெரியும்? நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 45 வயதைக் கடந்த 2,000 பேருக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. அவர்களில் 7.2 விழுக்காட்டினருக்கு, தாம் அறியாமலே வந்துபோன சிறு அடைப்பின் தழும்பு இருந்தது. 1.8 விழுக்காட்டினருக்கு இரத்தக்குழாயில் புடைப்பு இருந்தது. 1.6 விழுக்காட்டினருக்குப் புற்றல்லாத கட்டி இருந்தது. இவற்றில் பல வாழ்நாள் முழுவதும் எத்தொல்லையும் தராமலே இருந்திருக்கக் கூடியவை. தெரிந்துகொண்டது நல்லதுதானே என்று கேட்கலாம். சிலருக்கு நல்லது. வேறு சிலருக்கு அது உறக்கத்தைக் கெடுக்கும். ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் படமெடுக்க வைக்கும். செய்யத் தேவையில்லாத அறுவையின் வாசல் வரை கொண்டுபோகும். முழுவுடல் பரிசோதனை என்ற பெயரில் தொல்லையே இல்லாதவருக்கும் மூளை ஸ்கேன் சேர்த்து விற்கும் திட்டங்களை நாங்கள் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுவே. அறுபது வயதைக் கடந்தவரின் அறிக்கையில் மூளை சற்றுச் சுருங்கியுள்ளது என்றோ, வெண்புள்ளிகள் சில உள்ளன என்றோ எழுதியிருந்தால் அது பெரும்பாலும் தலை நரைப்பதைப் போன்றது. மறதி நோயா என்ற கேள்விக்கு அந்த வரியைவிட, அப்பா பழகிய தெருவில் வழி தடுமாறுகிறாரா, கணக்கு வழக்கில் முன்பு செய்யாத பிழை செய்கிறாரா என்று அம்மா சொல்வதே எங்களுக்கு முதற்சான்று.

ஸ்கேனே எடுக்க வேண்டாம் என்பது எங்கள் வாதமன்று. வாழ்நாளில் இதுவரை கண்டிராத கடுந்தலைவலி இடி விழுந்ததுபோல் திடீரென வந்தால் தாமதிக்காதீர்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், பார்வையோ பேச்சோ கைகாலோ தடுமாறினாலும், முதன்முறையாக வலிப்பு வந்தாலும், ஐம்பது வயதுக்கு மேல் புதுவகைத் தலைவலி தொடங்கினாலும், புற்றுநோய் உள்ளவருக்குத் தலைவலி வந்தாலும் படம் எடுத்தே ஆக வேண்டும். அப்போது மருத்துவர் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வேண்டும் என்றாலும், இந்தப் படத்தில் எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்கும் உரிமை உண்டு. அதற்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்ல முடியாத மருத்துவர் படம் எழுதிக்கொடுப்பதற்கு முன் இன்னும் சற்று நேரம் நோயாளியோடு செலவிட வேண்டும் என்று எங்கள் சகாக்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

கதிர்வீச்சைப் பற்றிப் பலரும் கேட்பதால் சுருக்கமாக: தலைக்கு எடுக்கும் ஒரு சி.டி.யின் அளவு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே ஒருவர் ஓராண்டில் பெறும் அளவுக்கு அது நெருங்கியது. தேவை இருந்தால் அதற்கு அஞ்சித் தள்ளிப்போடக் கூடாது. குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் மட்டும் கூடுதலாக யோசித்தே எடுக்கிறோம். மருந்து செலுத்தி எடுக்கும் படம் என்றால் சிறுநீரகக் கோளாறோ முன்பு ஒவ்வாமையோ இருந்ததா என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுங்கள்.

நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் வரும் வண்ணப்படங்கள் வேறொரு கதை. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கு ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் கூடுகிறது. அந்த மாற்றத்தை எம்.ஆர்.ஐ.யால் அறியலாம் என்று 1990இல் செய்ஜி ஒகாவா காட்டினார். பேச்சையும் கையசைவையும் ஆளும் பகுதிகளுக்கு அருகே கட்டி உள்ளவர்களுக்கு அறுவைக்கு முன் வரைபடம் போட இது பெரிதும் உதவுகிறது. அன்பு இங்கே, பொய் அங்கே என்று நிறம் தீட்டிக் காட்டும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். அந்த நிறங்கள் கணக்கின் வழியே பூசப்பட்டவை. 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இறந்துபோன சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். கணக்கில் உரிய திருத்தம் செய்யாதபோது, செத்த மீனின் மூளையிலும் வேலை நடப்பதாகப் புள்ளிகள் ஒளிர்ந்தன. சிரிப்பதற்காக மட்டும் செய்த ஆய்வன்று அது.

எங்களிடம் வரும்போது பழைய படங்களைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. ஃபிலிமும் குறுந்தகடும் வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பும் அதே புள்ளி அதே அளவில் இருந்தது என்று தெரிந்தால் பல நேரம் மேற்கொண்டு எதுவும் செய்யத் தேவைப்படாது. ஃபிலிமை மடிக்காமல், வெயில் படாமல் வையுங்கள்.

வலிப்பு நோயாளியின் வீட்டாரிடம் ஒரு சிறப்பு வேண்டுகோள். வலிப்பு வரும்போது இயன்றால் கைப்பேசியில் காணொளி எடுங்கள். எந்தக் கை முதலில் துடித்தது, கண்கள் எந்தப் பக்கம் திரும்பின, எத்தனை நிமிடம் நீடித்தது, பிறகு எப்போது பேசினார் என்பவை அதில் பதிவாகும். மூளையின் எந்தப் பகுதியில் அது தொடங்குகிறது என்பதை அறிய, எம்.ஆர்.ஐ. இயல்பாக இருக்கும்போது அந்த இரண்டு நிமிடக் காணொளியே எங்களுக்கு வழிகாட்டுகிறது. முகமும் இரு கைகளும் தெரியுமாறு சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். ஒருவர் எடுக்கும்போது இன்னொருவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, தலைக்கடியில் துண்டை மடித்து வைக்கட்டும். வீட்டில் ஒருவர் மட்டுமே இருந்தால் காணொளியை மறந்துவிட்டு நோயாளியைக் கவனியுங்கள். வாயில் கரண்டி எதையும் திணிக்க வேண்டாம். கையில் சாவியோ இரும்போ கொடுக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள்.